அல் கபோனை ஆளாக்கியது யார்? தாதாக்கள், அவர்களின் குருமார்கள், மாறிவந்த அமெரிக்க ஆண்மை

#1 திண்ணைவாசி

இன்னோர் இழையில் ஒரு நண்பர், "தாதாவிடம் போய்ச் சேரும் பையன் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்வான், வேறென்ன இருக்கிறது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறிவிடும் என்பதால் தனி இழை.

அல் கபோனின் குருவான தாதா ஜானி டோரியோவைப் பாருங்கள். 1882-ல் இத்தாலியில் பிறந்து, சிறு குழந்தையாக நியூயார்க் வந்து, பிறகு சிகாகோவுக்குப் போனவர். குள்ளமான ஆள். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், வாயில் கெட்ட வார்த்தை வராது. பகலில் விபச்சார விடுதிகளின் கணக்கு வழக்கைப் பார்ப்பார்; மாலையானால் வீடு, மனைவி அன்னாவோடு சாப்பாடு, பிறகு இசைத்தட்டில் ஆப்பெரா. வாழ்நாளில் தன் கையால் ஒருமுறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை என்று சொல்லிக்கொண்டவர். ஊர்ப் பெண்களை விற்றுப் பிழைத்தவர் வீட்டில் உத்தமக் கணவர். இந்தக் கணக்கு எப்படி நேராகும் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்துக் கனவான்கள் பலர் வீட்டில் அது நேராகித்தான் இருந்தது.

இவரிடம் வந்து சேர்ந்தவன், பின்னாளில் சிகாகோவின் பெரிய தாதாவான அல் கபோன். புரூக்ளினில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கேப்ரியேலின் மகன். 14 வயதில் ஆசிரியரை அடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். முஷ்டியும் முன்கோபமும்தான் அவன் முதலீடு. டோரியோ அவனைச் சிகாகோவுக்கு அழைத்துக் கற்றுக்கொடுத்தவை என்ன? கணக்கேடு எழுதுவது. யாருக்கு எந்தப் பகுதி என்று பேசிப் பிரித்துக்கொள்வது. எதிரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சிரிப்பது. சிகாகோவில் கபோன் வைத்திருந்த விசிட்டிங் கார்டில் 'அல்போன்ஸ் கபோன், பழைய மரச்சாமான் வியாபாரி, 2220 தெற்கு வபாஷ் அவென்யூ' என்று இருந்தது. கொஞ்ச நாள் முன்புவரை மதுக்கடையில் அடியாளாக நின்றவனின் சட்டைப்பைக்குள் ஒரு கார்டு! அதுதான் டோரியோவின் பாடத்திட்டம்.

1925 ஜனவரி 24 அன்று மனைவியோடு கடைக்குப் போய்விட்டுப் பொட்டலங்களோடு வீடு திரும்பிய டோரியோவை வாசலிலேயே சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார். சுட்டவர்களைத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன் என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். சில மாதங்களில் தொழில் முழுவதையும் கபோனிடம் கொடுத்துவிட்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். அப்போது சீடனுக்கு வயது 26.

குரு போனதும் சீடன் செய்த முதல் வேலை பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியது. எலுமிச்சை நிறத்தில் சூட்டு, வைர மோதிரம், பேஸ்பால் மைதானத்தில் முன்வரிசை இருக்கை. டோரியோ ஒளிந்து வாழ்ந்த ஊரில் இவன் ஊரே பார்க்க வாழ்ந்தான்.

என் கட்சி இது: இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் 17 வருடம்தான். ஆனால் 'ஆண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்ற இரண்டு வெவ்வேறு அமெரிக்க எண்ணங்கள் இவர்களிடம் தெரிகின்றன. ஒன்று, தன்னை அடக்கி ஆளும் பழைய நூற்றாண்டின் முதலாளி. இன்னொன்று, தன்னை எடுத்துக் காட்டும் புதிய நூற்றாண்டின் நட்சத்திரம். எதிர்க்கட்சி இருந்தால் வரலாம்.

#2 பழைய புத்தகக்காரன்

எதிர்க்கட்சி ஆஜர்.

ஐயா, டோரியோவுக்கு இவ்வளவு சந்தனம் பூச வேண்டாம். அவரைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தவர் பிக் ஜிம் கொலோசிமோ. மனைவி வழி உறவு. அதாவது டோரியோவின் சொந்த குரு. 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்ததும் கள்ளச் சாராயத்தில் இறங்கலாம் என்றார் டோரியோ, இருக்கிற விடுதிகள் போதும் என்றார் கொலோசிமோ. 1920 மே 11 அன்று தன் உணவகத்திலேயே கொலோசிமோ சுட்டுக் கொல்லப்பட்டார். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் ஊர் யாரைச் சந்தேகித்தது என்று சொல்லத் தேவையில்லை. 'தன் கையால் சுட்டதில்லை' என்பதன் பொருள் இதுதான். அடக்கம் என்று நீங்கள் சொல்வதை நான் கூலிக்கு ஆள் வைக்கும் வசதி என்பேன்.

இரண்டாவது, கபோனுக்கு ஒரே குரு இல்லை. புரூக்ளினில் அவனை வேலைக்கு வைத்திருந்த ஃபிராங்கி யேல் இருக்கிறார். கோனி தீவில் யேல் நடத்திய மதுக்கூடத்தின் பெயர் 'ஹார்வர்டு இன்'. பெயரைப் பாருங்கள்! அந்த ஹார்வர்டில்தான் கபோன் பட்டம் வாங்கினான். ஒரு பெண்ணைப் பார்த்து ஆபாசமாக ஏதோ சொல்ல, அவளுடைய அண்ணன் கத்தியை எடுத்து இடது கன்னத்தில் கோடு போட்டுவிட்டான்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்தத் தழும்புகளுக்குக் கபோன் சொன்ன காரணம், முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்டபோது பட்ட காயம் என்பது. அவன் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நாட்டிலேயே பெரிய தாதா, கையில் கோடிக்கணக்கில் பணம், நூற்றுக்கணக்கில் ஆட்கள். அவனுக்கும் 'நான் சிப்பாயாக இருந்தேன்' என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. கேமரா வந்தால் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுவான், இடது பக்கத்துக்குப் பவுடர் பூசிக்கொள்வான். 'ஸ்கார்ஃபேஸ்' (தழும்பு முகத்தான்) என்று எழுதினால் ஆத்திரம் வரும். நண்பர்கள் அவனை 'ஸ்னார்க்கி' என்பார்கள், மிடுக்காக உடுத்துபவன் என்று பொருள். அதைக் கேட்டால் மகிழ்ச்சி.

நட்சத்திரமாகத் தன்னைக் காட்டினான் என்கிறீர்கள். எதைக் காட்டினான், எதை மறைத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

#3 குமுதினி

இருவரும் குருமார்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அப்பாக்கள் எங்கே?

கேப்ரியேல் கபோனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வரி கிடையாது. நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து வந்தார், முடிதிருத்தினார், சொந்தக் கடை வைத்தார், 1906-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அடித்து உதைக்கும் அப்பாவும் இல்லை. பிறகு ஏன் மகனுக்கு வெளியில் ஓர் ஆசான் தேவைப்பட்டது?

குடியேறிகளின் தெருக்களில் நடந்தது இது. மகன் ஆங்கிலம் பேசுகிறான், அப்பாவுக்கு அது தடுமாறுகிறது. வீட்டு உரிமையாளரிடமும் போலீஸிடமும் அப்பாவுக்காக மகன் பேசுகிறான். 12 வயதில் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு, அப்பாவின் சொல் எவ்வளவு நாள் கட்டளையாக இருக்கும்? அப்பாவின் கைத்தொழில் ஊரில் மதிப்பாக இருந்தது. இங்கே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருமுனையில் நிற்கும் ஒருவருக்கோ காவலர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். பையன் யாரைப் பார்ப்பான்?

இன்னொன்று. 1899-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் புரூக்ளினில் அல் கபோன் பிறக்கிறான். ஏப்ரலில் தியடோர் ரூஸ்வெல்ட் சிகாகோவுக்கு வந்து பணக்காரர்களின் மன்றம் ஒன்றில், சுகவாழ்வு நாட்டைக் கெடுக்கிறது, கடினமாக உழைத்து ஆபத்தை எதிர்கொள்கிறவர்களே உயர்ந்தவர்கள் என்று முழங்குகிறார். ஜூலையில் அதே சிகாகோவில் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்குகிறது. மேல்தட்டுக்குத் தன் பையன்கள் மென்மையாகிவிட்டார்களே என்ற கவலை. ஏழைத் தெருவுக்கோ தன் பையன்கள் முரடாகிவிட்டார்களே என்ற வழக்கு. ஒரே வருடம், ஒரே நகரம்.

இரண்டுக்கும் மருந்தாக வந்தவை என்ன? 1904-ல் நியூயார்க்கில், சிறார் நீதிமன்றத்துக்கு வரும் பையன் ஒவ்வொருவனுக்கும் வசதியான ஒரு பெரியவரை 'அண்ணனாக' நியமிக்கும் இயக்கம். 1910-ல் அமெரிக்கச் சாரணர் இயக்கம். ஆக, அப்பா போதாது, வெளியிலிருந்து ஓர் ஆண் வந்து பையனை ஆளாக்க வேண்டும் என்பதில் சீர்திருத்தவாதிக்கும் தாதாவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தாதா கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார், சம்பளமும் கொடுத்தார். அவ்வளவுதான்.

#4 திண்ணைவாசி

@பழைய புத்தகக்காரன்: கொலோசிமோ கொலையை நான் மறுக்கவில்லை. என் பேச்சு டோரியோ நல்லவரா என்பதைப் பற்றியதே இல்லை. அவர் எதைப் பெருமை என்று நினைத்தார் என்பதைப் பற்றியது. சுடவில்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தாதாவுக்குப் பெருமை இருந்த காலம் ஒன்று இருந்தது. அது ஏன் போனது?

@குமுதினி: 1899 அருமை. ஆனால் அப்பா பலவீனமாக இருந்ததால்தான் குரு வந்தார் என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது. ரோத்ஸ்டீனைப் பற்றி ஆனைமலை எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

#5 ஆனைமலை

கூப்பிட்டதால் வந்தேன் அண்ணா.

ஆர்னால்டு ரோத்ஸ்டீன். இவரும் 1882-ல் பிறந்தவர். அப்பா ஆபிரகாம் ரோத்ஸ்டீன் நியூயார்க் ஆயத்த ஆடை வணிகத்தில் பெரிய பெயர். 'நீதிமான் ஏப்' என்று யூத சமூகத்தில் அழைக்கப்பட்டவர். பலவீனமான அப்பா இல்லை, அளவுக்கு மீறிப் பலமான அப்பா. மகன் சூதாட்டத்தில் போய் விழுந்தான். 1919 உலக பேஸ்பால் தொடரின் முடிவை விலை கொடுத்து வாங்கியவர் என்று நாடே சொன்னது, குற்றப்பத்திரிகைகூட வரவில்லை. பிராட்வேயில் லிண்டிஸ் என்ற உணவகம்தான் அலுவலகம். பாலும் கேக்கும்தான் ஆகாரம். மது தொட மாட்டார்.

இவரைச் சுற்றி வளர்ந்து, பின்னாளில் பெரிய தாதாக்களான பையன்களின் பெயர்களைப் பாருங்கள்: லக்கி லூசியானோ, மேயர் லான்ஸ்கி, ஃபிராங்க் காஸ்டெல்லோ. சிசிலியிலிருந்து 1906-ல் வந்த லூசியானோவுக்கு எந்தக் கத்தியை எந்தக் கையில் பிடித்துச் சாப்பிடுவது, பெண்ணுக்கு எப்படிக் கதவைத் திறந்துவிடுவது, பளபளக்கும் பட்டுத் துணியை விட்டுவிட்டு அடக்கமான நல்ல தையலுக்கு எப்படி மாறுவது என்றெல்லாம் ரோத்ஸ்டீன் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பின்னாளில் லூசியானோ நியூயார்க்கின் ஆடம்பரமான வால்டார்ஃப் டவர்ஸில் 'சார்லஸ் ராஸ்' என்ற பெயரில் குடியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தொழிலதிபர்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் பாடம் பலித்தது என்று பொருள்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-ல் எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் உல்ஃப்ஷைம் என்று ஒரு சூதாடி வருவாரே, அது ரோத்ஸ்டீனை மனதில் வைத்து எழுதியது. அந்த நாவலில் கேட்ஸ்பிக்கு இரண்டு குருமார்கள். முதலாவது டான் கோடி, நெவாடா வெள்ளிச் சுரங்கங்களில் பணம் பார்த்த எல்லைப்புறக் கிழவர். படகும் குடியுமாகத் திரிபவர். இரண்டாவது உல்ஃப்ஷைம். காடு மலை வெட்டிச் சம்பாதித்த தலைமுறை கேட்ஸ்பிக்குக் கோட்டும் தொப்பியும் வாங்கிக் கொடுத்தது. பணம் கொடுத்தது சாராயத் தலைமுறை.

நாவலின் கடைசியில் கேட்ஸ்பியின் அப்பா ஒரு பழைய கௌபாய் புத்தகத்தைக் கொண்டுவருகிறார். அதன் பின் அட்டையில் சிறுவன் எழுதிவைத்த கால அட்டவணை: காலை 6 மணிக்கு எழுவது, டம்பெல் பயிற்சி, மின்சாரம் படிப்பது, நன்றாகப் பேசப் பழகுவது, புகையிலையை விடுவது, பெற்றோரிடம் அன்பாக இருப்பது. தனக்குத் தானே ஒழுக்கப் பட்டியல் போட்டுக்கொண்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பையனாக இருந்தால் எழுதியிருக்கக்கூடிய பட்டியல். பழைய ஆண்மையின் பாடப் புத்தகம் முழுவதும் அதில் இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றியவன் போய் நின்ற இடம் சாராய வியாபாரம்.

(அட்டவணையில் 1906 என்று தேதி இருக்கிறது; அந்தக் கௌபாய் புத்தகம் அச்சானதோ 1910-ல். பழைய புத்தகக்காரன் ஐயா எப்படியும் இதைச் சொல்வார், நானே முந்திக்கொண்டேன்.)

#6 பழைய புத்தகக்காரன்

முந்திக்கொண்டீர்கள், சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கதவு திறக்கும் கதையெல்லாம் லூசியானோ சொன்னதாக 1970-களில் வந்த ஒரு நூலிலிருந்து பரவியது. லூசியானோ 1962-லேயே இறந்துவிட்டார். அந்த நூலின் நம்பகத்தன்மையை அப்போதே பத்திரிகைகள் கேள்விக்குள்ளாக்கின. வால்டார்ஃப் வாசம் உண்மை, நல்ல உடைகள் உண்மை. பாடம் நடந்த விதத்தைக் கண்ணால் பார்த்தது போல எழுத வேண்டாம்.

இதிலேயே உங்கள் கட்சிக்கு உதவும் ஒரு செய்தியும் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன். தாதாக்கள் பேட்டி கொடுக்கும் வயதுக்கு வந்தால், தனக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று சொல்வதில்லை. உடுத்தக் கற்றுக்கொடுத்தவரைத்தான் சொல்கிறார்கள்.

1928 நவம்பரில் பார்க் சென்ட்ரல் ஓட்டலில் ரோத்ஸ்டீனைச் சுட்டார்கள். சாகும்வரை சுட்டவன் பெயரை அவரும் சொல்லவில்லை. டோரியோவும் சொல்லவில்லை. 1957-ல் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்கூடத்தில் சுடப்பட்டுப் பிழைத்த காஸ்டெல்லோவும் சொல்லவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தேறிய ஒரே பாடம் அதுதான்.

#7 கடலோடி

இதுவரை பேசியது இத்தாலியர், யூதர். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமுக்கும் கொஞ்சம் வாருங்கள்.

முதலில், குரு என்றாலே ஆண் என்று ஏன் நினைக்கிறீர்கள்? 1920-களில் ஹார்லெமின் எண் சூதாட்டத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் என்ற கரீபியக் கறுப்பினப் பெண். போலீஸ் லஞ்சம் வாங்குகிறது என்று தன் சொந்தப் பணத்தில் பத்திரிகை விளம்பரம் கொடுத்தவர்! மதுவிலக்கு முடியும் நேரத்தில் டட்ச் ஷுல்ட்ஸ் என்ற வெள்ளைத் தாதா ஹார்லெமை விழுங்க வந்தபோது மற்றவர்கள் பணிந்தார்கள், இவர் பணியவில்லை. பின்னாளில் 'ஹார்லெமின் தலைவர்' என்று படங்களெல்லாம் கொண்டாடும் பம்பி ஜான்சன் அப்போது இவரிடம் அடியாள். 1935 அக்டோபரில் சுடப்பட்டு மருத்துவமனையில் செத்துக்கொண்டிருந்த ஷுல்ட்ஸுக்கு இவர் தந்தி அனுப்பினார்: விதைத்ததை அறுப்பாய். தாதாவின் ஆண்மை பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருக்கிறதே, பம்பி யாரிடம் தொழில் பழகினார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

அடுத்து, பின்னாளில் கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ். இந்த இழைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. வரிசையாகக் குருமார்கள், ஒவ்வொருவரிடமும் வேறோர் ஆண்மை.

பாஸ்டனில் ஷார்ட்டி. மால்கம் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார்: லை என்ற காரம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் கலந்து, தலையில் பூசி, சுருள்முடியை நேராக்குவது. தலை பற்றி எரிகிறது, கண்ணில் நீர் வழிகிறது, ஷார்ட்டி சீப்பால் வாருகிறான். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையரின் முடி போல நேராக நிற்கிறது. அன்று வலி தாங்கியதையே ஆண்பிள்ளைத்தனம் என்று நினைத்தவர், பின்னாளில் அதையே தன்னைத் தானே தாழ்த்திக்கொண்ட முதல் பெரிய படி என்று எழுதினார்.

ஹார்லெமில் வெஸ்ட் இண்டியன் ஆர்ச்சி. சூதாட்டத்தில் யார் எந்த எண்ணில் எவ்வளவு கட்டினார்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதாமல் மனதிலேயே வைத்திருப்பார். போலீஸ் பிடித்தாலும் ஆதாரம் இருக்காது. ஒரு பந்தயப் பணத்தைப் பற்றிய தகராறில் இருவரும் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் தேடும் நிலை வந்தது. பிரச்சினை பணம் இல்லை. பின்வாங்கினால் தெருவில் முகம் போய்விடும். குருவுக்கும் போகும், சீடனுக்கும் போகும். மால்கம் ஹார்லெமை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அந்த மூளை வேறெங்காவது பிறந்திருந்தால் கணிதத்தில் என்ன செய்திருக்கும் என்று பிற்காலத்தில் ஆர்ச்சியை நினைத்து எழுதினார்.

1946-ல் திருட்டு வழக்கில் சிறை. அங்கே பிம்பி என்று அவர் எழுதும் வயதான கைதி. கெட்ட வார்த்தை பேசாமல், குரலை உயர்த்தாமல், பேச்சினால் மட்டுமே காவலர்களையும் கேட்க வைத்த முதல் ஆளை அங்கே பார்த்தேன் என்கிறார் மால்கம். உனக்கு மூளை இருக்கிறது, பயன்படுத்து, நூலகத்துக்குப் போ என்றார் பிம்பி. பிறகு நார்ஃபோக் சிறையில் மால்கம் அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் பார்த்து எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும். அதன்பின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின இயக்கத்தின் தலைவர் எலைஜா முகம்மது: அடக்கமான சூட்டு, குடி இல்லை, புகை இல்லை, பெண்கள் விஷயத்தில் கட்டுப்பாடு. 1964-ல் அந்தக் குருவே கட்டுப்பாட்டை மீறியவர் என்று தெரிந்து விலகினார். 1965 பிப்ரவரி 21 அன்று கொல்லப்பட்டார்.

#8 குமுதினி

@கடலோடி: செயின்ட் கிளேருக்கு நன்றி.

ஒன்றைக் கவனித்தீர்களா? எலைஜா முகம்மதுவின் ஒழுக்கப் பட்டியலை டோரியோவின் பக்கத்தில் வைத்தால் பாதி ஒத்துப்போகிறது. குடிக்காதே, புகைக்காதே, குரலை உயர்த்தாதே, நேரத்துக்கு வீடு திரும்பு. நாட்டின் நடுநாயகமாக இருந்த வெள்ளை ஆண் 1920-களிலேயே கைகழுவத் தொடங்கிய பழைய ஒழுக்கத்தை, ஓரத்தில் இருந்தவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மதிப்பு இல்லாதவனுக்குத்தான் மரியாதையான தோற்றம் முதலில் தேவைப்படுகிறது. கபோன் போல ஆட்டம் போட்ட கறுப்பின இளைஞனை எத்தனை நாள் உயிரோடு விட்டிருப்பார்கள்?

#9 இராப்பறவை

நடுவில் ஐம்பதுகளைத் தாண்டிப் போகாதீர்கள், வேடிக்கையே அங்கேதான்.

1951 மார்ச். குற்றக் கும்பல்களை ஆராய்ந்த செனட்டர் கெஃபாவர் குழுவின் விசாரணை நியூயார்க்கில் தொலைக்காட்சியில் நேரடியாக ஓடுகிறது. ஃபிராங்க் காஸ்டெல்லோ சாட்சி. முகத்தைக் காட்டக் கூடாது என்று வழக்கறிஞர் ஆட்சேபிக்க, கேமராக்காரர் கைகளை மட்டும் காட்டினார். நாடு முழுக்க மக்கள் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளைப் பார்த்தார்கள். கைக்குட்டையைக் கசக்கும், தண்ணீர்க் கோப்பையை எடுக்கும், விரல்களைப் பின்னிப் பிரிக்கும். மேலே ஒரு கரகரத்த குரல். உருப்படியாக இந்த நாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று செனட்டர் டோபி கேட்டதற்கு, "வரி கட்டினேன்" என்றார் காஸ்டெல்லோ. அரங்கம் சிரித்தது. நல்ல நகைச்சுவை, கபோனை 1931-ல் 11 ஆண்டு தண்டனைக்கு அனுப்பியது கொலை வழக்கு இல்லை, வரி ஏய்ப்பு வழக்குதானே.

ரோத்ஸ்டீன் பள்ளியின் சிறந்த மாணவரை, உடையும் முகமும் இல்லாமல், நடுங்கும் கைகளாக மட்டும் அமெரிக்கா பார்த்தது அன்றுதான். இதே காஸ்டெல்லோ 1940-களில் மனநல மருத்துவரிடம் போய்வந்தவர். அப்போதே அது பத்திரிகைச் செய்தியானது. 1999-ல் தொடங்கிய 'தி சோப்ரானோஸ்' தொடரில் தாதா மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, பழைய திரைப்பட நாயகன் கேரி கூப்பர் போன்ற வாய் பேசாத வலிய ஆண்கள் எங்கே போய்விட்டார்கள் என்று புலம்புவதைப் புதுமை என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஐம்பது வருடம் முன்பே அந்த நாற்காலியில் ஒரு தாதா உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு 1957 நவம்பர் 14, அபலாச்சின். நியூயார்க் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், குளிர்பான விநியோகஸ்தர் ஒருவர் வீட்டில் நாடு முழுவதிலுமிருந்து தாதாக்களின் கூட்டம். மாநிலப் போலீஸ் வந்ததும் பட்டுச் சட்டையும் விலை உயர்ந்த காலணியுமாகப் பலர் காட்டுக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். அறுபது பேர் அளவில் அடையாளம் காணப்பட்டார்கள். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றால், உடம்பு சரியில்லாத நண்பரைப் பார்க்க வந்தோம் என்றார்கள். நடுத்தர வயது, தொந்தி, சாம்பல் நிறக் கோட்டு, ஆண்டுக் கூட்டம். அப்போது அமெரிக்காவில் எல்லா ஆண்களும் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் அதிகாரிகளாகிக்கொண்டிருந்தார்கள். தாதாவும் ஆகிவிட்டான். அந்த வருடம் ஏப்ரலில்தான் டோரியோ இறந்தார்.

#10 மட்டுறுத்துநர்

திரைப்படத் தாதாக்களின் தரவரிசை கேட்டு வந்த பதிவுகள் திரைப்படப் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே வரலாறு தொடரட்டும்.

#11 பழைய புத்தகக்காரன்

திண்ணைவாசி கேட்டாரே, அந்தப் பெருமை ஏன் போனது என்று. என் பதில் சட்டம்.

வாயை மூடிக்கொள்வதுதான் ஆண்மை என்ற விதி ஏதோ ரத்தத்தில் ஊறியது என்று எழுதுகிறார்கள். அது கட்டுப்படியான வரைக்கும் ஓடியது, அவ்வளவுதான். இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் வெளியே மரியாதை, குடும்பத்துக்குப் பணம். 1970-ல் வந்த சட்டம் குற்றக் கும்பல் முழுவதையும் ஒரே வழக்கில் கட்டி நீண்ட தண்டனைக்கு அனுப்ப வழி செய்தது. அரசுத் தரப்புச் சாட்சிக்குப் புதுப் பெயரும் புது ஊரும் கொடுத்தது. விலை ஏறியதும் விதி உடைந்தது.

குரு-சீடன் உறவையே எஃப்பிஐ ஆயுதமாக்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன். 1976-ல் ஜோசப் பிஸ்டோன் என்ற அதிகாரி, டானி பிராஸ்கோ என்ற பெயரில் நகைத் திருடனாக நியூயார்க் கும்பலுக்குள் நுழைந்தார். அவருக்குக் குருவாக வாய்த்தவர் பெஞ்சமின் ருஜேரோ, லெஃப்டி. கும்பலில் ஒரு நடைமுறை உண்டு: ஒருவனை அழைத்துவந்து 'இவன் நம் ஆள்' என்று சொன்னால், அவன் தப்பானவன் என்று தெரியும் நாளில் சொன்னவன் உயிர் பொறுப்பு. லெஃப்டி அந்தப் பொறுப்பை ஏற்றார். எப்படி உடுத்துவது, யாரிடம் முதலில் பேசக் கூடாது, பங்கை எப்படி மேலே அனுப்புவது என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். மாணவன் எல்லாவற்றையும் அரசுக்கு எழுதி அனுப்பினான்.

1981 ஜூலையில் அதிகாரிகளே போய் உண்மையைச் சொன்னார்கள். டானியை நம்பிய தலைவர் டொமினிக் நபோலிடானோ ஆகஸ்டில் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். எதற்கு என்று தெரிந்தே போனார், கொல்லப்பட்டார். லெஃப்டிக்கும் அதே அழைப்பு வந்தது. வழியிலேயே எஃப்பிஐ கைது செய்ததால் உயிர் தப்பினார். தாதா உலகத்தின் பாடத்தை முழுமையாகப் படித்து முடித்த மாணவன் ஓர் அரசு ஊழியன். இதற்கு மேல் அந்தப் பள்ளிக்கூடம் ஏன் மூடப்பட்டது என்று கேட்க வேண்டுமா?

#12 திண்ணைவாசி

சட்டம் ஒரு பாதி என்று ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு 1980-களின் நியூயார்க் தாதா ஜான் காட்டியைப் பாருங்கள். அவருடைய குரு அனியெல்லோ டெல்லாக்ரோச்சே பழைய வார்ப்பு. தலைமைப் பதவி தனக்குக் கிடைக்காதபோதும் கட்டுப்பட்டு நின்றவர். 1985 டிசம்பர் 2-ல் அவர் இறந்தார். சரியாக இரண்டே வாரம், டிசம்பர் 16-ல் மன்ஹாட்டனில் ஓர் உணவக வாசலில் கும்பலின் தலைவர் பால் காஸ்டெல்லானோ சுடப்பட்டார், காட்டி தலைவரானார். குரு உயிரோடு இருந்தவரை சீடனின் கையைப் பிடித்து வைத்திருந்தார் என்றுதானே இதற்குப் பொருள்?

அதன்பின் காட்டி செய்ததெல்லாம் கபோன் செய்ததே. ஆயிரக்கணக்கான டாலர் சூட்டு, கேமராவுக்குச் சிரிப்பு, தெருவில் பட்டாசு. கும்பல் கூடும் ரேவனைட் மன்றத்துக்கு மேலே இருந்த வீட்டில் எஃப்பிஐ ஒட்டுக்கேட்புக் கருவி வைத்தது. காட்டி மணிக்கணக்கில் பேசினார்; தன் துணைத் தலைவர் சாமி கிராவனோவைப் பற்றி மட்டமாகவும் பேசினார். அந்த ஒலிநாடா நீதிமன்றத்தில் ஓடியது. கிராவனோ கேட்டார், அரசுத் தரப்புக்குக் கட்சி மாறினார். 1992-ல் காட்டிக்கு ஆயுள் தண்டனை. கட்சி மாறியவனுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது, உண்மை. ஆனால் கதவு வரை தள்ளிக்கொண்டு போனது காட்டியின் வாய். டோரியோ அந்த அறையில் இருந்திருந்தால் இசைத்தட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்.

#13 ஆனைமலை

குமுதினி அம்மா முதலில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேப்ரியேல் கபோனுக்கு இன்னொரு மகன் இருந்தான்.

மூத்தவன், வின்சென்சோ. பதின்ம வயதில் வீட்டை விட்டு ஓடி சர்க்கஸில் சேர்ந்து மேற்கே போனான். மௌனப் படங்களின் கௌபாய் நடிகர் வில்லியம் எஸ். ஹார்ட் மேல் பித்து. அவர் பெயரையே எடுத்துக்கொண்டு ரிச்சர்டு ஹார்ட் ஆனான். நெப்ராஸ்காவில் ஹோமர் என்ற சிற்றூரில் குடியேறி, அகன்ற தொப்பி, இடுப்பின் இருபுறமும் துப்பாக்கி என்று திரிந்தான். 'டூ-கன் ஹார்ட்' என்று பட்டம். உத்தியோகம் என்ன தெரியுமா? மதுவிலக்கு அதிகாரி! தம்பி சிகாகோவில் சாராயம் விற்றுக்கொண்டிருந்த வருடங்களில் அண்ணன் நெப்ராஸ்காவில் சாராயப் பானைகளை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் கபோன் என்பது 1950-களின் தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது.

அண்ணனுக்கு குரு ஒரு வெள்ளித்திரை. தம்பிக்கு குரு டோரியோ. அப்பா ஒருவரே.

#14 குமுதினி

எனக்குத் தெரியாத செய்தி இது. தேடிப் படித்தேன்.

கேப்ரியேல் 1920 நவம்பரில் மாரடைப்பில் இறந்துவிட்டார். மூத்தவன் அப்போதுதான் அதிகாரியாகியிருந்தான், அல் அப்போதுதான் சிகாகோவில் கால் ஊன்றியிருந்தான். இரண்டு மகன்களும் யாராக ஆனார்கள் என்பதை அவர் பார்க்கவே இல்லை. அல் பிறகு தாயையும் உடன்பிறந்தவர்களையும் சிகாகோவுக்கு அழைத்துப் பிரெய்ரி அவென்யூவில் வீடு வாங்கிக் குடிவைத்தான்.

கைத்தொழில், சொந்தக் கடை, குடியுரிமை. நாடு ஒரு குடியேறியிடம் கேட்ட எல்லாவற்றையும் அந்த மனிதர் செய்து முடித்திருந்தார். அதைக் கொஞ்சமும் ஆண்மையாகக் கருதாத இரண்டு பிள்ளைகள், ஒருவன் தொப்பியும் ஒருவன் வைர மோதிரமுமாக, இரண்டு துப்பாக்கிக் கதைகளுக்குள் போனார்கள். திண்ணைவாசி சொல்லும் பழைய ஆண்மைக்கு டோரியோவைத் தேடிப் போயிருக்கவே வேண்டாம், வீட்டிலேயே இருந்தது.

#15 பழைய புத்தகக்காரன்

இருக்கட்டும். ஹார்டின் கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உத்தியோகமெல்லாம் போய், கண் பார்வையும் மங்கி, கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் விழுந்தார். அப்போது கைகொடுத்தவர் தம்பி ரால்ஃப் கபோன்; அல் சிறைக்குப் போனபோது தொழிலைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர், அவரே வரி வழக்கில் உள்ளே போய் வந்தவர். மாதாமாதம் வந்த காசோலையை முன்னாள் மதுவிலக்கு அதிகாரி வாங்கிக்கொண்டார். திருப்பி அனுப்பியதாக எங்கும் இல்லை.